ஹோவர்டா, ஏ அண்ட் டியா, ஸ்பெல்மனா? பக்கத்து வீட்டுப் பெண்ணின் நான்கு கடிதங்கள்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இந்த மார்ச் மாதம் நான்கு கல்லூரிகளிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. வாஷிங்டனில் ஹோவர்ட், அட்லாண்டாவில் ஸ்பெல்மன், நாங்கள் இருக்கும் வட கரோலினாவிலேயே கிரீன்ஸ்பரோ நகரத்து ஏ அண்ட் டி, அப்புறம் கடலோரப் பக்கம் எலிசபெத் சிட்டி ஸ்டேட். நான்குமே அமெரிக்காவில் எச்.பி.சி.யு என்று சொல்கிற, கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட பழைய கல்லூரிகள். பெண்ணுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. அம்மா நர்ஸ், இரவு ஷிஃப்ட். கணக்கு வழக்குதான் என் பிழைப்பு என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு கடிதங்களையும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். பாட்டியும் உட்கார்ந்தார். பாட்டி ஏ அண்ட் டியில் படித்தவர். முடிவு எடுக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று பேத்தி அவரிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருந்தாள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம், இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: “எச்.பி.சி.யு எல்லாம் எப்படி இருக்கும்?” கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. “தமிழ்நாட்டில் காலேஜ் எப்படி?” என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? எந்தக் காலேஜ், என்ன படிப்பு, ஹாஸ்டலா வீடா, யார் பணம் கட்டுகிறார்கள் என்று திருப்பிக் கேட்போம். சுமார் 100 கல்லூரிகள் இருக்கின்றன. சிலவற்றில் சில நூறு பேர்தான், சிலவற்றில் 14,000 பேருக்கும் மேல். ஒரு எச்.பி.சி.யுவுக்கும் இன்னொன்றுக்கும் இருக்கும் வித்தியாசம், அவற்றுக்கும் மற்ற கல்லூரிகளுக்கும் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பல இடங்களில் பெரிது.

அவற்றை ஒன்றாகக் கட்டுவது வரலாறுதான். 1964க்கு முன்பு தொடங்கப்பட்டு, கறுப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது 1965ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வரையறை. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் கல்லூரிகள் மளமளவென்று முளைத்தன. ஹோவர்ட் 1867இல், ஸ்பெல்மன் 1881இல் அட்லாண்டா தேவாலயம் ஒன்றின் நிலவறையில். ஏ அண்ட் டியின் கதை வேறு. 1890இல் வந்த மத்தியச் சட்டம் மாநிலங்களிடம், உங்கள் வேளாண் கல்லூரியில் கறுப்பின மாணவர்களைச் சேருங்கள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாக ஒன்று கட்டுங்கள் என்றது. வட கரோலினா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. சேர்க்க மனமில்லாமல் கட்டிய கல்லூரிதான் 1891இல் பிறந்த ஏ அண்ட் டி. இன்று மாணவர் எண்ணிக்கையில் எச்.பி.சி.யுக்களிலேயே பெரியது அதுதான்.

சரி, பணம். கல்லூரிகள் அனுப்பும் உதவித்தொகைக் கடிதம் என்பது தனி இலக்கிய வகை. நான்கும் நான்கு விதமாக இருந்தன. ஒன்றில் “உனக்குக் கிடைக்கும் மொத்த உதவி” என்று தடித்த எழுத்தில் ஒரு தொகை. கூட்டிப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் அம்மா தன் பெயரில் வாங்க வேண்டிய கடன்! கடனை உதவி என்று எழுதும் தைரியம் எங்கள் ஊர்ச் சீட்டுக் கம்பெனிக்காரருக்குக்கூட வந்ததில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கோடு கிழித்து மூன்று பத்தியாகப் பிரித்தேன். திருப்பித் தர வேண்டாத பணம், பெண் வாங்கும் கடன், அம்மா வாங்கும் கடன். நான்கு கடிதங்களையும் அந்த மூன்று பத்திக்குள் இறக்கியதும் மேஜையில் பேச்சு நின்றுவிட்டது.

இந்த ஆண்டு இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். வசதி குறைந்த மாணவருக்கு மத்திய அரசு இலவசமாகத் தரும் பெல் கிராண்ட் அதிகபட்சம் 7,395 டாலர். முதலாண்டு மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்தியக் கடன் 5,500 டாலர். மிச்சத்தைப் பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனில் போட்டு நிரப்புவதுதான் எச்.பி.சி.யு குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். முழுச் செலவுக்கும் கொடுத்தார்கள். 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு உச்சவரம்பு உண்டு: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தமாக 65,000. நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 16,250. அதைத் தாண்டிப் பள்ளம் விழுகிற கல்லூரி என்றால் நான்காம் ஆண்டுக்குள் தனியார் வங்கி வாசலில் நிற்க வேண்டும். பேரன்ட் பிளஸ் வாங்குவது சரியா தப்பா என்று நான் பிரசங்கம் செய்யவில்லை. ஆனால் முதலாண்டு எப்படியோ கட்டிவிடலாம் என்று சேர்ந்து, படிப்பைப் பாதியில் விட்டுக் கடனோடு வீடு திரும்புவதுதான் இதில் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம். அதனால் நான்கு ஆண்டுக்கும் கணக்குப் போடாமல் எந்தக் கடிதத்தையும் ஒப்பிடக் கூடாது.

ஹோவர்டும் ஸ்பெல்மனும் தனியார். ஹோவர்டில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல், அதன் தலையில் வாஷிங்டன் வாடகை. ஏ அண்ட் டி மாநிலக் கல்லூரி. உள்ளூர் மாணவருக்குக் கல்விக் கட்டணமும் இதர கட்டணங்களும் சேர்ந்து 7,000 டாலர் அளவில் முடிகிறது, அறையும் சாப்பாடும் தனி. வேறு மாநிலத்திலிருந்து வருகிறவருக்கு ஏறத்தாழ அதில் மூன்று மடங்கு. எலிசபெத் சிட்டியில் இன்னும் அதிசயம். வட கரோலினா அரசின் திட்டப்படி உள்ளூர் மாணவருக்குப் பருவத்துக்கு 500 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 2,500 டாலர், அவ்வளவுதான் கல்விக் கட்டணம். ஃபயட்வில் ஸ்டேட் என்ற இன்னொரு எச்.பி.சி.யுவுக்கும் அதே கட்டணம்தான். பக்கத்து மாநிலங்களில் இருக்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

மலிவு என்றதும் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1890 சட்டத்தால் வந்த கறுப்பினக் கல்லூரிகளுக்கு, அதே மாநிலத்தின் பழைய வேளாண் கல்லூரிக்குக் கொடுத்த அளவில் பணம் கொடுக்கவில்லை என்பது புகார். 1987 முதல் 2020 வரை ஏ அண்ட் டிக்கு மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் குறைவு என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். ஒப்பிட்ட கல்லூரி எது தெரியுமா? ராலேயில் இருக்கும் நார்த் கரோலினா ஸ்டேட், இந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து இருபது நிமிடம். இதைப் படித்துக் காட்டியபோது பாட்டி ஒரு தரம் இருமினார். சத்தியத்தில் இருமல் சேர்த்தி இல்லையாம்.

அடுத்து, படிப்பு. இங்கேதான் கல்லூரிப் பெயரைப் பார்த்து மயங்குகிறவர்கள் சறுக்குகிறார்கள்.

ஸ்பெல்மனை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் மட்டும் படிக்கும் சின்னக் கல்லூரி, எச்.பி.சி.யு தரவரிசைகளில் வருடக்கணக்காக உச்சியில் இருப்பது. சேர்கிறவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்கிவிடுகிறார்கள், ஏ அண்ட் டியில் பாதிக்குச் சற்று மேல்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் மோர்ஹவுஸ், கிளார்க் அட்லாண்டா. மூன்றுக்கும் பொதுவாக ஒரே நூலகம். ஒரு கல்லூரி மாணவி மற்றதில் போய்ப் பாடம் எடுக்கலாம். எல்லாம் சரி. ஆனால் ஸ்பெல்மன் தன் பெயரில் இன்ஜினியரிங் பட்டம் தருவதில்லை. மூன்று ஆண்டு இங்கே கணிதமும் இயற்பியலும், அப்புறம் இரண்டு ஆண்டு ஜார்ஜியா டெக் போன்ற ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங், முடிவில் இரண்டு பட்டம். 1969இலிருந்து நடக்கும் நல்ல ஏற்பாடுதான். கேட்க இனிக்கிறது. ஆனால் மொத்தம் ஐந்து ஆண்டு, கடைசி இரண்டு ஆண்டுக்குப் போகிற கல்லூரியின் கட்டணம், போக வேண்டுமென்றால் மதிப்பெண்ணை விடாமல் பிடித்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் கடைசி ஆண்டைக் கொண்டாடும்போது நீ வேறு கட்டடத்தில் தெர்மோடைனமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பாய் என்று சொன்னேன். பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. கடிதத்தோடு வந்த படத்தில் வெள்ளை உடை உடுத்திய மாணவிகள் வளைவுக்குள் நுழைந்து போவதை அவள் ஃபோனில் முகப்புப் படமாக வைத்திருந்தாள்.

ஹோவர்டில் இன்ஜினியரிங் உண்டு, மருத்துவம் உண்டு, சட்டம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் 1933இல் சட்டம் படித்து வெளியே வந்த இடம். அமெரிக்கக் கல்லூரிகளை வகை பிரிக்கும் கார்னகி வகைப்பாட்டில், ஆராய்ச்சிக்கான உச்சப் பிரிவை 2025இல் எட்டிய ஒரே எச்.பி.சி.யு. அறிவியல், இன்ஜினியரிங் மாணவர்களுக்குக் கார்ஷ் ஸ்காலர்ஸ் என்று முழுச் செலவையும் ஏற்கும் ஒரு திட்டம் இருக்கிறது. அது கிடைத்தால் மறு பேச்சே வேண்டாம், பெட்டியைக் கட்டிவிடலாம். கிடைக்காவிட்டால்? ஹோவர்டின் பெரிய சொத்து அது இருக்கும் ஊர். நாடாளுமன்றம், அமைச்சகங்கள், பத்திரிகைகள், எல்லாம் மெட்ரோவில் போய் வரும் தூரம். அரசியல், சட்டம், இதழியல் என்று போகிறவளுக்கு அந்த ஊர் பாதிப் படிப்பு. டர்பைன் வடிவமைக்கப் போகிறவளுக்கு அந்த ஊரின் வாடகையில் பாதிப் பயன்கூட இல்லை என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் இருக்கலாம்.

ஏ அண்ட் டி அமெரிக்காவிலேயே அதிகக் கறுப்பின இன்ஜினியர்களை உருவாக்கும் கல்லூரி. இயற்பியல் படித்து 1971இல் வெளியேறிய ரொனால்ட் மெக்நேர் விண்வெளிக்குப் போனார், 1986இல் சேலஞ்சர் வெடித்தபோது இறந்தார். அவர் பெயரில் இன்ஜினியரிங் கட்டடம் ஒன்று நிற்கிறது. இத்தனை பேர் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்பதால் ஆள் எடுக்கும் கம்பெனிகள் வளாகத்துக்கே வருகின்றன. சீத்தம் வைட் என்ற மாநில உதவித்தொகையும் உண்டு, முழுச் செலவு. ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான். இங்கே குறை என்பது கூட்டம்தான். பெரிய வகுப்பு, பெரிய வரிசை. கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் இருக்காது.

எலிசபெத் சிட்டியில் அவள் கேட்கிற நேரடி மெக்கானிக்கல் பட்டம் இல்லை. ஆனால் விமானம் ஓட்ட ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் நில்லுங்கள். வட கரோலினாவில் நான்காண்டு விமானவியல் பட்டம் தருவது இந்தக் கல்லூரி, சொந்தப் பயிற்சி விமானங்களோடு. விமானப் பயிற்சி எங்கே போனாலும் சொத்தை விற்கிற விலை. கல்விக் கட்டணமாவது பருவத்துக்கு 500 டாலரில் நிற்கிறதே என்று பார்த்தால் இது தேடி வந்த சீதேவி.

வாழ்க்கை எப்படி என்று கேட்டால் அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை, போய்த்தான் பார்க்க வேண்டும். ஒரு கல்லூரியில் சுற்றிக் காட்டிய மாணவரிடம் இவள் ஃபோனைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். எந்த விடுதியில் வெந்நீர் ஒழுங்காக வரும்? வாஷிங் மெஷின் எத்தனை? இரவு பதினொரு மணிக்குப் பசித்தால் என்ன செய்ய? இரண்டாம் ஆண்டு வளாகத்துக்குள் அறை உண்டா? அந்தப் பையன் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவன், உதவித்தொகைப் பிரிவில் ஏதாவது தப்பு நடந்தால் யாரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் நின்றான். “ஈமெயில் போடாதே. காலையில எட்டு மணிக்குப் போய் நில்லு. உள்ளே இருக்கிறவங்க பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கோ.” அரசு அலுவலகம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நிமிடம் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

விடுதி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 அக்டோபரில் ஹோவர்ட் மாணவர்கள் அறைகளில் பூஞ்சை, எலித் தொல்லை என்று சொல்லி பிளாக்பர்ன் கட்டடத்தில் குடியேறி, வெளியே கூடாரம் அடித்து, ஒரு மாதத்துக்கு மேல் போராடினார்கள். உடன்பாடு ஆன பிறகுதான் எழுந்தார்கள். முதலாண்டுக்குப் பிறகு எல்லாருக்கும் அறை கிடைக்கும் என்பது பல எச்.பி.சி.யுக்களில் நிச்சயமில்லை. கிரீன்ஸ்பரோவில் வெளியே வீடு எடுத்தால் சமாளிக்கலாம், வாஷிங்டனில் அதற்கே இன்னொரு கடன் வேண்டும்.

இன்னொரு பக்கம், இந்த இடங்களின் சந்தோஷத்தைச் சொல்லாவிட்டால் பாவம். அக்டோபரில் ஹோம்கமிங் என்று ஒரு வாரம் வரும். நம் ஊரில் குலதெய்வக் கோயில் கொடைக்கு எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் வந்து சேர்வார்களே, அந்தக் கூட்டம், அந்தச் சமையல் புகை. அறுபது வயதுக்காரர் பழைய சிநேகிதனைப் பார்த்துக் கத்துவார். ஃபுட்பால் ஆட்டத்தில் இடைவேளைக்கு யாரும் எழுந்து போக மாட்டார்கள். பேண்டு வாத்தியக் குழு இறங்குவது அப்போதுதான். பாத்ரூம் போகிறவர்கள் ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு போவார்கள். புதன்கிழமை என்றால் பல கல்லூரி மெஸ்களில் கோழி வறுவல், வரிசை வாசல் தாண்டி நிற்கும். ஹோவர்டில் ‘யார்டு’ என்கிற நடு மைதானத்து மரங்களுக்கு ஒவ்வொரு மாணவர் சங்கமும் தன் நிறத்தைப் பூசி வைத்திருக்கும். ‘டிவைன் நைன்’ என்று சொல்லும் கறுப்பின மாணவர்களின் ஒன்பது சங்கங்களில் ஐந்து அங்கேதான் பிறந்தன.

அந்த ஐந்தில் மூத்தது 1908இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1986இல் ஹோவர்டிலிருந்து பட்டம் பெற்ற கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். அவர் அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். “நம் பிள்ளைகள் போகலாமா?” என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போகலாம், யாரும் தடுக்கவில்லை. 2022இல் எச்.பி.சி.யு மாணவர்களில் 24 சதவீதம் பேர் கறுப்பினத்தவர் அல்லாதவர்கள். மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு ஸ்டேட்டில் வெள்ளையர்களே பெரும்பான்மை. 2008இல் மோர்ஹவுஸில் மதிப்பெண்ணில் முதலிடம் பெற்றுப் பட்டம் வாங்கியவர் ஒரு வெள்ளைக்கார இளைஞர். போகிற பிள்ளை, விருந்தாளியாக இருக்கத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

பெண்ணின் அம்மாவிடம் நானே ஒரு சந்தேகம் கேட்டேன். நாளைக்கு வேலைக்குப் போகும் இடம் இப்படி இருக்காதே, இப்போதே கலந்து பழக வேண்டாமா? அம்மா பதில் சொல்வதற்குள் பெண் சொன்னாள். பள்ளியில் உயர்நிலை இயற்பியல் வகுப்பில் கறுப்பினப் பெண் அவள் ஒருத்திதான். “கலந்து பழகறதைத்தான் பன்னிரண்டு வருஷமா பண்றேன். அங்க போய் ஒரு கணக்கைத் தப்பாப் போட்டா, அது என் தப்பு மட்டும்தான்.” பாட்டி மறுபடி இருமினார். நான் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்கவில்லை.

கிரீன்ஸ்பரோவுக்கும் போனோம். வளாகத்தில் நான்கு இளைஞர்கள் தோளோடு தோள் நடந்து வரும் சிலை இருக்கிறது. ஏ அண்ட் டியின் முதலாண்டு மாணவர்கள் நால்வர், 1960 பிப்ரவரி 1 அன்று ஊருக்குள் இருந்த ஊல்வொர்த் கடையில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் பக்கத்து பெனட் கல்லூரிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜூலையில் கடை பணிந்தது. அந்தக் கடை இப்போது அருங்காட்சியகம். இவள் சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றி வந்து அவர்கள் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் வயசுதான்” என்றாள்.

என் தீர்ப்பைக் கேட்டார்கள், சொன்னேன். இன்ஜினியரிங் என்றால், உள்ளூர்க் கட்டணம் என்றால், ஏ அண்ட் டி. கார்ஷ் கிடைத்தால் மட்டும் ஹோவர்ட். என்ன படிப்பது என்று இன்னும் முடிவாகாமல் இருந்தாலோ, ஆசிரியர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் படிப்பு ஓடும் என்றாலோ ஸ்பெல்மன், அதுவும் என் தாளின் முதல் பத்தி, திருப்பித் தர வேண்டாத பணம், கனமாக இருந்தால். இவள் தம்பிக்கு டாக்டர் ஆசை. அவனுக்கு இந்த நான்கும் வேண்டாம், நியூ ஆர்லியன்ஸில் சேவியரைப் பாருங்கள் என்றேன். மூவாயிரம் பேர் அளவில் படிக்கும் கத்தோலிக்கக் கல்லூரி, கறுப்பின மாணவர்களை மருத்துவப் படிப்புக்கு அனுப்புவதில் பெரிய பல்கலைக்கழகங்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளியது. கால்நடை மருத்துவம் என்றால் அலபாமாவின் டஸ்கீகி.

ஹோவர்டுக்கு ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிப் பார்த்தோம். ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. கொஞ்சம் கூட்டினார்கள், மூன்றாம் பத்தியை, அம்மாவின் கடனைத் தாங்கும் அளவுக்கு இல்லை. மே 1 மாலை ஏ அண்ட் டிக்கு முன்பணம் கட்டினாள், ஃபோனிலேயே, சோபாவில் சாய்ந்தபடி. முகப்புப் படத்தில் வெள்ளை உடைப் பெண்கள் இன்னும் இருந்தார்கள்.

பாட்டியின் சத்தியம் அத்தோடு காலாவதி. அவர் கல்லூரியில் சேர்ந்தது 1972இல். ஆறு மணிக்குப் பேசத் தொடங்கினார். பத்து மணிக்கு நான் செருப்பை மாட்டும்போது கதை இன்னும் முதலாண்டு ஹோம்கமிங்கைத் தாண்டவில்லை.